ஒட்டுப்பலகைக் கொசு

போன ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வாக்கில் மாப்பிள்ளை வந்தான். என் வீட்டுக்காரியின் கடைசித் தம்பி. கையில் ஓர் அட்டைப்பெட்டி. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு, "ஏனுங் மாமா, இது ஏரோப்ளேனுங்களா, படிக்கட்டுங்களா?" என்றான்.

பார்த்தால் இரண்டும்தான். மூக்கு, இறக்கை, வால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. உடம்பு மட்டும் படிப்படியாக. கோயில் குளத்துப் படித்துறைக்கு இறக்கை முளைத்த மாதிரி. ஆன்லைனில் வாங்கிய மர மாடல் கிட். 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் லேசரால் வெட்டிய துண்டுகள். எண் வரிசைப்படி அடுக்கி ஒட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒட்டி முடித்துவிட்டானாம். பெட்டிமேல் உள்ள படத்தில் விமானம் கெளுத்தி மீன் போல வழுவழுவென்றிருக்கிறது. கிட்டிலேயே ஃபால்ட் என்று திருப்பி அனுப்பப் பார்த்தான்.

"ஃபால்ட்டெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. பாதி வேலைதான் ஆயிருக்குது. டீயைக் குடி, சொல்றேன்."

நான் பீளமேட்டுப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் முப்பது வருசத்துக்கு மேல் பேட்டர்ன் வேலை பார்த்தவன். பம்புசெட்டின் உடம்பு இரும்பில் வார்க்கப்படுவதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மரத்தை மணலில் பதித்து எடுத்தால்தான் இரும்பு ஊற்றப் பள்ளம் கிடைக்கும். பெரிய உருவத்தை ஒரே கட்டையில் குடைய மாட்டோம். தேக்குப் பலகைகளை அடுக்கி ஒட்டி, பிறகு இழைப்போம். ஆகவே படிக்கட்டு எனக்குப் புதிதல்ல. அதை எப்படி ஒழிப்பது என்பதில்தான் என் ஜீவனமே ஓடியது.

மர விமானம் செய்வதில் பெரிய பிரிவு இரண்டு. ஒன்று எலும்பும் தோலும்: மெல்லிய குச்சிகளில் கூடு கட்டி, காகிதமோ துணியோ போர்த்துவது. அது பறக்கும். இன்னொன்று கெட்டி மரம்: கட்டையிலிருந்து உருவத்தைச் செதுக்கி எடுப்பது. அது அலமாரியில் நிற்கும். கெட்டி மரத்தில் புதிதாக இறங்குகிறவனுக்குப் பயம் ஒன்றே. எங்கே நிறுத்துவது? கட்டை எதுவும் சொல்லாது. ஒரு இழுப்பு கூடினால் மூக்கு போய்விடும். மரத்தில் எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது.

அடுக்கு பிளைவுட் கிட் தீர்த்துவைப்பது இந்தப் பயத்தைத்தான். கேரட்டை நீளவாக்கில் மெல்லிய வில்லைகளாகச் சீவி, திரும்ப ஒன்று சேர்த்துப் பிடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நடு வில்லை பெரியது. வெளியே போகப்போகச் சிறுக்கும். மாப்பிள்ளையின் விமானத்தில் உடம்புக்கு ஏழு அடுக்கு, 21 மில்லிமீட்டர் கனம். நடு அடுக்கில் வால் செதிலும் சேர்ந்தே வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அடுக்கையும் அதன் உட்பக்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமோ அந்த அளவுக்கு வெட்டியிருப்பார்கள். அதனால் அதன் வெளிப்பக்க முனை மட்டும் தேவைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் படி.

படிக்கு இரண்டு மூலை உண்டு. வெளியே துருத்தும் மூலை, உள்ளே இரண்டு பலகை சேரும் மூலை. வெளிமூலை முழுக்க உபரி மரம். உள்மூலை விமானத்தின் நிஜமான மேற்பரப்பிலேயே இருக்கிறது. ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வெளிமூலையைத் தேய்த்துக்கொண்டே வா, உள்மூலை காணாமல் போகிற நொடியில் நிறுத்து. எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு விடையை வெட்டும்போதே மரத்துக்குள் எழுதி வைத்துவிட்டார்கள்.

நான் இதற்கு ஒரு சின்ன வேலை செய்வேன். தேய்க்க ஆரம்பிக்கும் முன், கூராக்கிய பென்சிலை உள்மூலைகள் அத்தனையிலும் ஓட்டிவிடுவேன். தேய்க்கத் தேய்க்க அந்தக் கோடு மெலிந்து, தலைமுடி கனத்துக்கு வரும். அங்கே உப்புத்தாளைக் கீழே வைத்துவிட வேண்டும். கடைசி முடியைப் பொடித்தாள் பார்த்துக்கொள்ளும்.

மாப்பிள்ளையின் விமானத்தில் பென்சில் ஓட்ட வழியில்லை. உள்மூலை எல்லாவற்றிலும் பசை பிதுங்கி, காய்ந்து, கண்ணாடிக் குச்சி மாதிரி இறுகியிருந்தது. "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு நிறைய விட்டேனுங்." எல்லோரும் செய்கிற தப்பு. பசை கூடினால் பிடிப்பு கூடாது. மெல்லிய படலம், இரண்டு பக்கமும் மரம், நடுவே அழுத்தம், இவைதான் பிடிப்பு. பசை அதிகமானால் அழுத்தும்போது பலகை வழுக்கும். இவனுடையதில் ஐந்தாவது அடுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்திருந்தது.

ஒட்டும் முறையைச் சொல்கிறேன். வெள்ளைப் பசையே போதும், ஃபெவிகால் வகை. லேசர் புகை படிந்த முகத்தை முதலில் 220 நம்பர் தாளால் இரண்டு இழுப்பு. இறக்கை நுழைகிற காடிபோல விளிம்பில் ஒட்டும் இடங்களில் கருகிய பகுதியை அவசியம் உரசி எடுக்க வேண்டும். கரிமேல் பசை பிடித்தால் கரியோடு கழன்று வரும். பிறகு பழைய ஏடிஎம் கார்டால் பசையைத் தோசை வார்க்கிற மாதிரி மெல்லிசாக இழுத்துவிட்டு, சேர்த்து, விரலால் அழுத்தி, இரண்டு மூன்று நிமிசம் சும்மா விட வேண்டும். பசை கொஞ்சம் இழுத்துப் பிடித்த பிறகு கிளிப் போட்டால் வழுக்காது. கிட்டில் ஊசித் துளை இருந்தால் பல்குச்சியைச் சொருகிவிடலாம், பலகை நகராது. சீ கிளாம்ப் தேடி அலைய வேண்டாம். துணி காயப்போடும் கிளிப்பும், ஆபீஸ் பேப்பருக்குப் போடும் கறுப்புக் கிளிப்பும் இதற்குத் தாராளம். பிதுங்கியதை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும். காய்ந்த வெள்ளைப் பசை உப்புத்தாளின் சூட்டில் ரப்பராகி, தாளின் கண்ணை அடைத்துவிடும்.

ஏழு அடுக்கையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். நடு அடுக்கோடு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அது காய்ந்த பிறகு அடுத்த ஜோடி. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. ஒரே பக்கம் நனைந்த மெல்லிய பலகை அப்பளம் மாதிரி வளையும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஒட்டினால் இழுப்பு சமமாகிவிடும். அடியில் ஒரு டைல்ஸ் துண்டு, அதன்மேல் பிளாஸ்டிக் காகிதம், மேலே இன்னொரு டைல்ஸ், அதன்மேல் வீட்டில் சும்மா கிடக்கும் அம்மிக் குழவி. ஒரு ராத்திரி.

"அப்ப ஒட்டறதுக்கே மூணு நாளுங்களா?"

மூன்று நாள்தான். ஆனால் வேலை பார்க்கும் நேரம் மொத்தம் முக்கால் மணி. மற்றதெல்லாம் பசை பார்க்கும் வேலை.

பிளைவுட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரம் ஈரம் குடித்தால் நார் ஓடும் திசையில் பெரிதாக நீளாது. குறுக்கே நன்றாக உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் கதவு சாத்த மாட்டேன் என்பது இதனால்தான். மெல்லிய மரத்தாள்களை ஒன்றின் நாருக்குக் குறுக்காக அடுத்ததை வைத்து ஒட்டினால், ஒன்றின் உப்பலை இன்னொன்றின் நார் இழுத்துப் பிடிக்கும். நடு ஒன்று, இரண்டு பக்கமும் சமம் என்று வர வேண்டும். அதனால்தான் தாள்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் போகும். கிட்டுக்கு வாங்கும் பலகையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நடுத்தாளில் பொந்து இருக்கக் கூடாது. நம் கடைகளில் கிடைக்கும் மலிவான கமர்ஷியல் பிளையில் மேல்தாள் அழகாக இருக்கும். உள்ளே நடுத்தாள் துண்டு துண்டாக, இடைவெளியோடு கிடக்கும். அலமாரிக்கு அது பரவாயில்லை. தேய்த்து உருட்டும் வேலையில், சரியாக மூக்கு நுனிக்கு வரும்போது அந்தப் பொந்து வாயைத் திறக்கும். பிர்ச் பிளை விலை கூடுதல். ஆனால் அடிவரை மரமாக இருக்கும்.

இவ்வளவு நேரமும் அவன் கொண்டுவந்தது எந்த விமானம் என்று பார்க்கவில்லை. பெட்டியைத் திருப்பினேன். டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ, அதாவது கொசு. சிரித்துவிட்டேன். பிளைவுட்டில் மாடல் செய்ய இதைவிடப் பொருத்தமான விமானம் கிடையாது. ஏனென்றால் நிஜ விமானமே பிளைவுட்டில் செய்ததுதான்.

இரண்டாம் உலகப்போர் சமயம். அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரும், உலோகத் தொழிலாளிகள் வேறு வேலைக்கு இழுக்கப்படுவார்கள் என்று கணக்குப் போட்டு, இங்கிலாந்தில் ஜெஃப்ரி டி ஹாவிலண்டின் கம்பெனி மரத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் கட்டுகிறோம் என்று கிளம்பியது. வடிவமைப்பின் தலைவர் ரொனால்ட் பிஷப். லண்டனுக்கு வடக்கே சால்ஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையில் உட்கார்ந்து வரைந்தார்கள். 1940 நவம்பர் 25 அன்று முதல் விமானம் ஹாட்ஃபீல்டில் மேலே ஏறியது. அந்த முதல் விமானம் இன்றைக்கும் சால்ஸ்பரி ஹாலில், அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பிரிட்டனில் மட்டுமல்லாமல் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டினார்கள், மொத்தம் 7,781. நாற்காலி மேசை செய்கிற பட்டறைகளும் பியானோ செய்கிறவர்களும் அதன் பாகங்களைச் செய்து கொடுத்தார்கள். ஹை விக்கம் என்பது நாற்காலிக்குப் பேர்போன ஊர். அங்கிருந்தும் பாகங்கள் போயின.

எங்கள் தொழில்காரனுக்கு அதன் உடம்பு கட்டிய விதம்தான் விருந்து. உள்ளும் புறமும் மெல்லிய பிர்ச் பிளைவுட், நடுவே பால்சா மரம். பால்சா ஈக்வடாரிலிருந்து வருவது. தக்கை போல லேசு. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தெப்பம் என்று பொருள். கெட்டியான இரண்டு தோல், நடுவில் லேசான சதை. கனம் குறைவு, விறைப்பு அதிகம். இதை மரத்திலோ கான்கிரீட்டிலோ செய்த அச்சின்மேல் வளைத்து ஒட்டி, உடம்பை இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியே எடுத்தார்கள். திறந்த பாதிகளுக்குள் கம்பி, குழாய், கருவி எல்லாவற்றையும் வசதியாகப் பொருத்திவிட்டு, கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். அவரைக்காயைப் பிளந்து திரும்ப மூடுகிற கதை.

"ஒட்டினதுன்னா எதுலீங் மாமா? அப்ப ஃபெவிகால் ஏது?"

அவன் கையிலிருந்த டம்ளரைக் காட்டினேன். "அதுலதான். பால்ல."

நம்பவில்லை. ஆனால் உண்மை. ஆடை எடுத்த பாலில் அமிலம் விட்டுத் திரித்தால் கட்டியாக வருவது கேசின். அதைக் காயவைத்துப் பொடித்து, சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்தால் மரத்தை நன்றாகப் பிடிக்கும் பசை. முதல் உலகப்போர்க் காலத்து விமானங்கள் பலவும் இந்தப் பால் பசையில்தான் நின்றன. தொடக்க கால மொஸ்கிட்டோவும் அப்படித்தான். பாலில் செய்தது பாலின் குணத்தைக் காட்டாமல் விடுமா? ஈரம் பட்டால் இளகும், பூஞ்சை பிடிக்கும். அதனால் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். டக்ஸ்ஃபோர்டில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் கம்பெனி போருக்கு முன்பே ஏரோலைட் என்ற பெயரில் அந்த வகைப் பசை ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. இன்றைக்கு நாம் கடையில் வாங்கும் சாதாரணப் பிளைவுட்டிலும் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான். தண்ணீர் தாங்கும் மரைன் பிளை போன்றவற்றுக்கு ஃபீனால் வகை.

இந்தக் கதை நம் பக்கமும் வந்திருக்கிறது. மொஸ்கிட்டோக்கள் இந்தியா, பர்மா முனைக்கு அனுப்பப்பட்டன. 1944 இல் சில விமானங்கள் வானத்திலேயே உடைந்தன. அந்த நவம்பரில் இங்கிருந்தவற்றைத் தரையில் நிறுத்திவிட்டுச் சோதித்தார்கள். முதலில் குற்றம் விழுந்தது பசைமேலும் நம் வெயில், மழைமேலும். மறுபடி ஆராய்ந்தவர்கள் காட்டியது வேறு. செய்த இடத்திலேயே ஒட்டுவாய் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டு ஒட்டியிருந்த துண்டுகள். இடைவெளியைப் பசை நிரப்பும், தாங்காது. எங்கள் பட்டறையில் மூத்தவர் ஒருவர் ஒட்டும் முன் இரண்டு பலகையையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பசை டப்பாவைத் திறக்க விடமாட்டார். மாப்பிள்ளையின் இறக்கைக் காடியைச் சன்னல் பக்கம் திருப்பிக் காட்டினேன். நூல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

டீ ஆறிவிட்டிருந்தது. இன்னொரு சுற்று வந்தது. அதற்குள் தேய்க்க ஆரம்பித்துவிட்டோம்.

முதலில் பசைக் குச்சிகளை உளி முனையால் சுரண்டி எடுத்தோம். நகர்ந்த ஐந்தாம் அடுக்கைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டான். வெள்ளைப் பசை சூட்டுக்கு இளகும். ஆனால் அந்தச் சூட்டில் பலகையின் சொந்த ஒட்டுகூட விடலாம். வேண்டாம் என்றேன். முன்னால் துருத்தியதை எடுத்துவிடலாம், பின்னால் குறைந்ததற்கு மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம்.

பிறகு கட்டை அரம். அரம் பிடிப்பதில் ஒரு சூட்சுமம்: வெளித்தாளிலிருந்து உள்ளே பார்த்துத் தள்ள வேண்டும். உள்ளிருந்து வெளியே இழுத்தால் மேல்தாள் பிய்ந்து சிலாம்பு எழும்பும். உருட்ட வேண்டிய உடம்பை முதலிலேயே உருட்ட முயலக் கூடாது. சதுரத்தின் நாலு மூலையைத் தட்டையாகச் சீவி எட்டுப் பட்டை ஆக்கு. எட்டின் மூலையைச் சீவிப் பதினாறு ஆக்கு. அதற்கப்புறம் வட்டம் தானாக வரும். உலக்கை செய்கிறவர் முதல் தேர்ச்சக்கரம் செய்கிறவர் வரை எல்லா ஆசாரிகளுக்கும் தெரிந்த வழி இது. நேரடியாக உருட்டினால் ஒரு பக்கம் பூசணிக்காய், ஒரு பக்கம் புடலங்காய்.

உப்புத்தாளை வெறும் விரலில் பிடிக்காதீர்கள். பிளைவுட்டில் ஒரு தாள் நீள நார், அடுத்தது நாரின் வெட்டுமுகம், இடையே கண்ணாடி மாதிரிப் பசைக்கோடு. மூன்றும் மூன்று விதமாகத் தேயும். விரல் சதை மெத்தென்று இருப்பதால் மென்மையான இடத்தில் இறங்கி, கெட்டியான இடத்தில் ஏறி, கடைசியில் துவைக்கிற கல் மாதிரி அலை அலையாக ஆக்கிவிடும். தாளைத் தட்டையான கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். உட்குழிவுக்குப் பழைய பேனா. 80 நம்பரில் உருவம், 120 இல் அரத்தின் கோடு, 220 இல் 120 இன் கோடு, அப்புறம் 400. மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது அவசியம். பிளைவுட் தூளில் பசைத்தூளும் கலந்திருக்கிறது.

அரை மணி நேரம் தேய்த்த பிறகுதான் அந்த வேடிக்கை ஆரம்பித்தது. விமானத்தின் பக்கவாட்டில் வளையங்கள் எழுந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக, நீண்ட முட்டை வடிவத்தில், வெளிர் பட்டை, இருண்ட பட்டை என்று. இருண்டது நாரின் வெட்டுமுகம். மூன்று தாள் பலகைகளை அடுக்கியதால் வெளிர் பட்டை இரண்டு தாள் கனம், இருண்டது ஒரு தாள் கனம். முதுகில் இது நீளக் கோடுகளாக ஓடுகிறது. மூக்கைச் சுற்றி வரும்போது நார் நமக்கு எதிரே திரும்பிவிடுவதால், வெளிர்ந்தது இருண்டும் இருண்டது வெளிர்ந்தும் போகிறது. மாப்பிள்ளை விமானத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

குன்னூர்ச் சரிவில் தேயிலை வரிசைகளைப் பார்த்திருப்பீர்கள். மலை எப்படி வளைகிறதோ அப்படியே வரிசையும் வளையும். ஒவ்வொரு வரிசையும் ஒரே உயரத்தில் ஓடும். சர்வே வரைபடத்தில் மலைக்குப் போடும் கோடும் அதேதான். நெருங்கி நின்றால் செங்குத்து, விலகி நின்றால் சரிவு. பிளைவுட்டின் பசைக்கோடுகள் உங்கள் விமானத்துக்கு அந்த வரைபடம். அதுவும் நீங்கள் போட்டதல்ல, மரத்தை எடுக்க எடுக்கத் தானாக வெளிவருவது.

பயன் என்ன என்றால், கண்ணுக்குத் தப்பும் கோணல் கோட்டுக்குத் தப்பாது. இடது பக்கத்து வளையத்தையும் வலது பக்கத்து வளையத்தையும் பாருங்கள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு பக்கம் வளையம் சிறுத்திருந்தால் அங்கே கூடுதலாகத் தேய்த்துவிட்டீர்கள். வளையத்தின் நடுவே ஒரு நெளிவு தெரிந்தால் அங்கே ஒரு பள்ளம். ஒரே கட்டையில் செதுக்கினால் இதை அறிய அட்டையில் குறுக்குவெட்டு வடிவம் வெட்டி வைத்து ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு அளவுகோல் உள்ளேயே இருக்கிறது. நான் பேட்டர்ன் வேலையில் பழகும் பையன்களுக்கு முதலில் தேக்கு தரமாட்டேன். பழைய பிளைவுட் துண்டுகளை ஒட்டிக் கொடுத்து ஒரு முட்டை செய்யச் சொல்வேன். என்னைவிட அந்தக் கோடுகள் நன்றாகத் திட்டும்.

இறக்கைக்கும் அதே பாடம், கொஞ்சம் மெல்லிய கையோடு. கீழே அகலப் பலகை, மேலே குறுகிய பலகை. முன்விளிம்பு மழுங்கிய வட்டம், அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் அதிகக் கனம், பிறகு பின்விளிம்பு வரை சன்னமாக இறங்க வேண்டும். கோடுகள் இறக்கையின் நீளத்துக்கு நேராக ஓடினால் கை சமமாக அழுத்தியிருக்கிறது. பாம்பு மாதிரி நெளிந்தால் நிறுத்தி ஒரு வாய் டீ குடிக்கலாம். பின்விளிம்பைக் கத்தி மாதிரி ஆக்க ஆசை வரும். வேண்டாம், கடைசித் தாள் ஒன்று தனியாக நின்று, கைபட்டதும் ஒடியும். ஒரு மில்லிமீட்டர் விடுங்கள். இறக்கை நுனி கொஞ்சம் மேல்நோக்கி இருக்க வேண்டும் என்றால் அடியில் நடுவே பாதிக் கனத்துக்கு ஒரு வெட்டு, மெதுவாக மடக்கல், வெட்டில் பசை, நுனிக்கு அடியில் ஒரு தீப்பெட்டி. நிஜ விமானத்தில் அந்தத் தூக்கல், ஒரு பக்கம் சாய்ந்தால் திரும்ப நிமிர உதவும். நம்முடையது அலமாரியில் நிற்பதால் அழகுக்கு.

இறக்கை உடம்போடு சேரும் மூலை கூராக இருக்கக் கூடாது. வார்ப்படத்தில் கூர்மூலை இருந்தால் இரும்பு குளிரும்போது அங்கேதான் விரிசல் விடும். அதனால் பேட்டர்னில் உள்மூலைகளை மெழுகாலோ தோல் பட்டையாலோ வளைத்து நிரப்புவோம். ஃபில்லெட் என்போம். விமானத்தில் காற்று குழம்பாமல் வழுக்கிப் போவதற்காக அதே வளைவு. மரத்தூளும் பசையும் குழைத்து வைத்து, ஈரமான ஸ்பூனின் முதுகால் ஒரே இழுப்பு. காய்ந்தால் கொஞ்சம் உள்ளே இறங்கும். மறுநாள் இரண்டாம் கை.

"பறக்குமாங் மாமா?"

சமையலறைத் தராசில் வைத்தோம். 65 கிராம் சொச்சம். இறக்கை நுனிக்கு நுனி 23 சென்டிமீட்டர்தான். அதே உருவத்தைப் பால்சாவில் செய்திருந்தால் பதினைந்து கிராம் அளவில் நின்றிருக்கும். எடை கூடினால் மேலே நிற்க வேகம் கூட வேண்டும்; அந்த வேகத்தைக் கையால் எறிந்து கொடுக்க முடியாது. எறிந்தால் போகும், கல் போகிற மாதிரி. எதிர்வீட்டுக் கார்க் கண்ணாடியை நினைத்து விட்டுவிட்டான்.

அந்த 23 சென்டிமீட்டருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மொஸ்கிட்டோவின் இறக்கை 16.5 மீட்டர், 72 ஆல் வகுத்தால் 22.9 சென்டிமீட்டர். எழுபத்திரண்டில் ஒன்று. ஓர் அங்குலம் ஆறு அடி என்பதால் வந்த எண். இங்கிலாந்தில் 1930களில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரக் கிட்டுகள் பரப்பிய அளவு. பிளாஸ்டிக் மாடல்காரர்களும் இன்றுவரை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கா போரில் இறங்கியபின் 1942 இல் அதன் கடற்படை பள்ளிக்கூடங்களிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் கேட்டது. எல்லாம் இதே அளவு. வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று ஒரு பார்வையில் சொல்லப் படைவீரர்களைப் பழக்குவதற்காக. பத்து மீட்டர் தள்ளிப் பிடித்தால் 720 மீட்டரில் பறக்கும் நிஜ விமானம் கண்ணுக்கு எப்படியிருக்குமோ அப்படித் தெரியும். பிள்ளைகள் மரவேலை வகுப்பில் உட்கார்ந்து செதுக்கினார்கள். வடிவம் தப்பியிருந்தால் ஏற்க மாட்டார்கள். அதன் பேரில் ஒரு துப்பாக்கி தப்பாகத் திரும்பலாம் அல்லவா.

அந்த மாடல்களுக்கு அடித்த வண்ணம் கறுப்பு. கொடியும் சின்னமும் கிடையாது. உருவம் மட்டும் பேச வேண்டும்.

இங்கே எனக்கும் மாப்பிள்ளைக்கும் தகராறு. அவனுக்குப் பெட்டியில் உள்ளபடி பச்சை, சாம்பல், வட்டச் சின்னம் எல்லாம் வேண்டும். எனக்கு அந்தக் கோடுகளை மூடச் சம்மதமில்லை. அவ்வளவு தேய்த்து வெளியே கொண்டுவந்த வளையங்களைப் பெயிண்டுக்கு அடியில் போடுவதா? சாண்டிங் சீலர் இரண்டு கை, நடுவில் 400 நம்பர் தாள், மேலே மங்கலான லாக்கர், முடிந்தது வேலை. பெயிண்ட் அடித்தால் நார் தெரியாமலிருக்க சீலர் மூன்று கை, பட்டி ஒரு கை, பிறகு பிரைமர். அதன் பிறகு அது பிளாஸ்டிக்கில் செய்ததா மரத்தில் செய்ததா என்று யாருக்குத் தெரியும்?

"ஆனா பின்னாடி அடைச்ச பசையும் மரத்தூளும் கறுப்பா தெரியுதுங்களே" என்றான். நகர்ந்த ஐந்தாம் அடுக்கின் ஒட்டு. பசை கலந்த தூள் எப்போதும் மரத்தைவிட இருண்டுதான் காயும். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

கடைசியில் அவன் அக்கா வந்து பார்த்துவிட்டு, இரண்டு பேரும் முதலில் கூடத்தில் கிடக்கும் தூளைப் பெருக்குங்கள் என்றாள். பெருக்கினோம். விமானம் இன்னும் சீலர் இல்லாமல் டிவிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்போக்கில் நிற்கிறது. மூக்கு விசிறிகள் வைக்கவில்லை, பறக்கும் விமானத்தில் விசிறி கண்ணுக்குத் தெரியாது என்று நான் சொன்னதை மட்டும் ஒத்துக்கொண்டான். அடுத்த கிட் ஆர்டர் போட்டிருக்கிறானாம். இந்தத் தடவை டைல்ஸ் துண்டு இரண்டும் துணிக் கிளிப் ஒரு டஜனும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். கிளிப் காணவில்லை என்று வீட்டில் இன்னும் என்னைத்தான் கேட்கிறார்கள்.